சனிக்கிழமைச் சிங்களம்

எனக்குச் சிங்களம் போதாது, ஐந்து வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று அறிவித்த கடிதம் சிங்களத்தில்தான் வந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன், விளங்கியது, 'கிடைத்தது' என்று சிங்களத்திலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஒபிஸில் ஊழியர் விஷயங்களைப் பார்க்கும் தாபனக் கிளையில் இருக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நங்கி, மேக கியவன்ன புளுவன் நம் கோர்ஸ் எக மொகடத?" என்றார். தங்கச்சி, இதை வாசிக்கத் தெரிந்தால் அப்புறம் கோர்ஸ் எதற்கு என்று கேட்கிறார். அவர் கேட்டது பகிடிக்கு. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் கேள்வியோடுதான் நான் அலைந்தேன்.

நான் ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர். 2020 செப்டம்பரில் பட்டதாரிப் பயிலுநர் என்று 20,000 ரூபா கொடுப்பனவுக்கு எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. 2022 இல் நிரந்தர நியமனம் வந்தது. வீடு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், இன்னும் அதே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். வேலை பார்க்கும் பிரதேச செயலகத்தின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் வரும், அதையும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வேண்டும்.

விதி என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007 ஜூலை 1 க்குப் பிறகு அரச சேவைக்கு வந்த எல்லோரும் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற்றுவிட வேண்டும் என்று 07/2007 சுற்றுநிருபம் சொன்னது. பிறகு சில திருத்தங்கள், 2020 இல் 18/2020 என்று இன்னொன்று. தமிழர் சிங்களம் படிக்க வேண்டும், சிங்களவர் தமிழ் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் வருடாந்தச் சம்பள ஏற்றம் நிற்கும், மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து இழுபடும்.

இந்த விதியை எனக்குப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப் போவதைப் பார்த்துவிட்டு 'சிங்களம் படிக்க மாட்டேன் என்கிறாள்' என்று யாராவது சண்டைக்கு வரக்கூடும். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற 1956 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சட்டம் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கச் சொன்னது, அதனால் வேலையை விட்டுப் போனவர்களின் கதையை யாழ்ப்பாணத்து நண்பிகள் வீட்டில் இன்றைக்கும் கேட்கலாம். எங்கள் தோட்டத்துக்கு அந்தக் கதையே இல்லை. 1948 இல் குடியுரிமையே போன பிறகு அரசாங்க உத்தியோகம் யாருக்கு இருந்தது, விட்டுப் போவதற்கு? அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு பக்கமும் படி என்கிற இந்த விதி எவ்வளவோ மேல். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, 1999 இல் நுவரெலியா மாவட்டத்தில் அப்போதிருந்த ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளையும் இருமொழிப் பிரிவு என்று அறிவித்தார்கள். மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள்தானே. வாசலில் பெயர்ப்பலகை மூன்று மொழியில் அழகாக இருக்கிறது. உள்ளே பைல் எல்லாம் சிங்களம்.

என் சண்டை விதியோடு இல்லை. அந்த விதியை நிறைவேற்றும் செலவும் அலைச்சலும் யார் தலையில் விழுகிறது, அவ்வளவும் செய்து முடித்த பிறகு கவுண்டருக்கு முன்னால் நிற்கிற மனிதருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதோடுதான்.

என்னிடம் இருந்த சிங்களம் இரண்டு இடத்தில் பொறுக்கியது. ஒன்று பஸ். "இஸ்ஸரஹட்ட யன்ட, இஸ்ஸரஹட்ட யன்ட" என்று கொண்டக்டர் தள்ளத் தள்ளக் கற்றுக்கொண்டது. மற்றது பேராதனை விடுதி, அறைத்தோழிகள் இரண்டு பேர் குருநாகல். பாடசாலையில் படித்தது என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆறாம் ஆண்டிலிருந்து நேரசூசியில் இரண்டாம் மொழி என்று ஒரு பாடவேளை இருக்கும், ஆசிரியர்தான் இருக்கமாட்டார். அந்தப் பாடவேளையில் நாங்கள் மைதானத்தில் புல்லுப் பிடுங்கினோம். இப்போதும் யாராவது இரண்டாம் மொழி என்றால் என் மூக்கில் பச்சைப் புல் வாசம்தான் வருகிறது.

அந்தச் சிங்களத்தை வைத்துக்கொண்டு நான் பேசுவேன், சிரிப்பேன், மரக்கறிக்கடையில் விலை குறைப்பேன், ஒபிஸில் யார் யாரோடு கோபம் என்பது வரைக்கும் விளங்கிக்கொள்வேன். ஒரு கடிதம் எழுதச் சொன்னால் மட்டும் கை நின்றுவிடும். பேச்சுச் சிங்களத்துக்கும் எழுத்துச் சிங்களத்துக்கும் உள்ள தூரம் அப்படி. பரீட்சை கேட்பது அந்த எழுத்துச் சிங்களத்தை.

சரி, வகுப்பு எங்கே? எங்கள் பக்கம் அந்த வருடம் எதுவும் தொடங்கவில்லை. தொடங்கும் தொடங்கும் என்று ஆறு மாதம் பார்த்தேன். விண்ணப்பம் ஒன்று கொடுத்திருந்தேன், அது தலைமை அதிகாரியின் கையெழுத்துக்குப் போய், பழைய படிவம் என்று திரும்பி வந்து, புதிய படிவத்தில் நிரப்பிப் பதிவுத் தபாலில் போய், அப்புறம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாமல் போனது. கடைசியில் கண்டியில் ஒரு கற்கை நிலையத்தில் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது என்று தலவாக்கலையில் வேலை செய்யும் தோழி ஒருத்தி சொன்னாள். 24 சனிக்கிழமை. கட்டணம் 18,000 ரூபா, இரண்டு தவணை. முதல் தவணைக்கு அம்மாவின் சீட்டுப் பணம் போனது.

ஒரு சனிக்கிழமை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். மூன்றரைக்கு எழும்புவேன். அம்மா எனக்கு முன்னமே எழும்பி ரொட்டி தட்டிக்கொண்டிருப்பார், கிழமை முழுக்கக் கொழுந்து மலையில் நின்றுவிட்டுச் சனிக்கிழமை விடியுமுன்னும் எனக்காக அடுப்படியில். நாலே காலுக்கு ஓட்டோ, அந்த இருட்டில் நானூறுக்குக் குறைந்து எந்தத் தம்பியும் வரமாட்டான், கேட்பதும் நியாயம்தான், ரோட்டைப் பார்த்தால் தெரியும். டவுனில் முதல் பஸ். நோர்வூட் தாண்டியதும் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் காசல்ரீ தண்ணீர் கறுப்பாகக் கிடக்கும். டிக்கோயா, அட்டன், அங்கே கண்டி பஸ். தியகலப் பக்கம் பனி மூடிவிட்டால் சாரதி லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போவார், எனக்கு மணிக்கூட்டைப் பார்க்கவே பயமாக இருக்கும். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. பேராதனையில் நாலு வருடம் படித்த வளாகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன். பட்டம் எடுக்க இங்கே தங்கியிருந்த காலத்தில், அதே விடுதியில் ஒரு சிங்கள வகுப்பு வைத்திருந்தால் எவ்வளவு மலிவாக முடிந்திருக்கும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே வளைவில் அதே யோசனை வரும். ஒன்பது மணிக்கு வகுப்பு. மூன்றுக்கு விடும். வீட்டுக்கு வந்து சேர இரவு எட்டரை, மழை என்றால் அதுவும் இல்லை.

பஸ்ஸுக்கு மட்டும் போக வர 900 ரூபா போல. ஓட்டோ 400. பகல் சாப்பாடு, தேத்தண்ணி 400, ஏனென்றால் அம்மாவின் ரொட்டி கம்பளைக்கு முன்னமே முடிந்துவிடும். போட்டோ கொப்பி 100. மொத்தம் 1,800. நான் போனது 21 சனிக்கிழமை, ஆக 37,800. கட்டணத்தோடு 55,800. பரீட்சைக்கும் கொழும்புக்கும் அலைந்ததைச் சேர்த்தால் 65,000 ஐத் தொடும்.

அப்போது என் அடிப்படைச் சம்பளம் 31,490 ரூபா, வாழ்க்கைச் செலவுப் படி 7,800. வெட்டுக்கொத்து போக எவ்வளவு கைக்கு வரும் என்பதை விட்டுவிடுவோம். தேர்ச்சி இல்லாவிட்டால் எந்தச் சம்பள ஏற்றத்தை நிறுத்துவார்கள் என்று பயந்து இவ்வளவும் செய்தேனோ, அது 445 ரூபா. ஒருநாள் இரவு கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து இதை அம்மாவுக்குக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"நாளைக்கா, மாசத்துக்கா?"

அம்மாவுக்கு அப்போது நாட்சம்பளம் 1,000. 2021 இல் பெரிய இழுபறிக்குப் பிறகு 900 உம் 100 உமாகச் சேர்த்து வர்த்தமானியில் போட்டார்களே, அது. கிலோ குறைந்தால் அதுவும் இல்லை, அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். ஆக என்னுடைய ஒரு சனிக்கிழமை, அம்மா மலையில் நிற்கும் இரண்டு நாளுக்குக் கிட்ட. தாபனக் கிளை அக்கா சொல்வார், ஏற்றம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், ஐந்து வருடம் நின்றால் நட்டம் பெரிது, தரம் உயர்வதும் பின்போகும் என்று. உண்மைதான், மறுக்கவில்லை. அதனால்தானே போனேன். ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது மனதில் ஓடுவது அந்தப் பெரிய கணக்கு இல்லை, 445 தான்.

ஒன்று சொல்ல வேண்டும், வகுப்பு நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் நன்றிகெட்டதனம். படிப்பித்தவர் ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியர், எழுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டைப் பையில் சோக்கட்டி. தமிழ் ஒரு சொல் தெரியாது, அதை மறைக்கவும் மாட்டார். எழுத்துச் சிங்களத்தின் வினைச்சொல்லை அவர் பலகையில் எழுதிய நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பேச்சுச் சிங்களத்தில் யார் போனாலும் 'யனவா'தான். மம யனவா, அபி யனவா, எயா யனவா. நான் பஸ்ஸில் படித்த சிங்களம் அதுதான், ஆளுக்கேற்ற விகுதி ஒன்றுமில்லை, சுகமாக இருந்தது. எழுத்துக்கு வந்தால் மம யமி. அபி யமு. ஒஹு யயி. ஒவ்ஹு யதி. வகுப்பில் இருந்த முக்கால்வாசிப் பேர் தலையில் கை வைத்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். போகிறேன், போகிறோம், போகிறான், போகிறார்கள். நம் ஆட்கள் தினமும் செய்கிற வேலைதானே இது! கடைத்தெருச் சிங்களத்தின் அமைப்புத்தான் எனக்கு அந்நியம், ஏட்டுச் சிங்களத்தின் எலும்புக்கூடு எனக்குப் பழக்கமானது. இதை அந்த ஆசிரியரிடம் என் உடைந்த சிங்களத்தில் சொன்னபோது அவர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, போகிறேன் போகிறோமைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அடுத்தது ணகர னகரம். சிங்களத்தில் இரண்டு எழுத்து இருக்கிறது, ஆனால் சத்தம் ஒன்றுதான், அவர்கள் வாயில் ண இல்லாமல் போய் எவ்வளவோ காலம். அதனால் எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்று சிங்களப் பிள்ளைகளே மனப்பாடம்தான் பண்ண வேண்டும், அவர்களுக்கே அது பரீட்சைப் பூதம். எனக்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது. குணம் என்று தமிழில் ண, சிங்கள குணவுக்கும் ண. கருணைக்கு ண, கருணாவவுக்கும் ண. வர்ணமும் அப்படியே. தானம், மனம், தனம் எல்லாம் நமக்கு ண இல்லை, அவர்களுக்கும் இல்லை. வடமொழியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் வந்த சாமான், ஒரு வீட்டில் உருண்டு தேய்ந்துவிட்டது, மற்ற வீட்டில் அப்படியே இருக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் இது சரிவராது, சுத்தச் சிங்களச் சொற்களில் காலை வாரிவிடும். ஆனாலும் பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு நிரலாக எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். ரொட்டி தட்டும்போது அம்மா மாவுக் கையோடு அதைப் பார்த்து, "இதுல எது நம்ம எழுத்து?" என்பார்.

சொற்களும் அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தன. ஒபிஸில் தினம் காதில் விழுகிற சக்ரலேகய, அயதும்பத்ரய, உப்பென்ன சஹதிகய எல்லாம் எழுத்தில் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். உப்பென்ன சஹதிகய என்றால் பிறப்புச் சான்றிதழ். இந்த ஒரு சொல்லுக்காக எங்கள் அப்பா எத்தனை ஐம்பது ரூபா கொடுத்திருப்பார் என்று தெரியாது. சின்ன வயதில் அவரோடு டவுனுக்குப் போனால் கந்தோருக்கு வெளியே குடைக்குக் கீழ் மேசை போட்டு ஒரு பெட்டிஷன் ஐயா இருப்பார். அப்பா தமிழில் சொல்வார், அவர் சிங்களத்தில் எழுதுவார், ஐம்பது ரூபா. உள்ளே போனால் பிழை என்று திருப்பி அனுப்புவார்கள். திரும்ப வந்து இன்னொரு ஐம்பது. பிழை எழுதியவரில் இருந்ததா, வாசித்தவரில் இருந்ததா என்று அப்பாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

மூன்று சனிக்கிழமை ஏன் போகவில்லை என்றால், ஒன்று மண்சரிவு. பாதி வழியில் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள், காசு மட்டும் போனது. இன்னொன்று ஒபிஸில் நடமாடும் சேவை, சனிக்கிழமை கட்டாயம் வரவேண்டும். மூன்றாவது காய்ச்சல். வரவு குறைந்தால் சான்றிதழ் இல்லை என்று நிலையத்தில் ஒரு விதி. நடமாடும் சேவைக்குக் கடிதம் கேட்டார்கள். என் ஒபிஸில் அந்தக் கடிதத்தைத் தர ஒன்பது நாள் ஆனது. அரசாங்கம் படிக்கச் சொன்ன வகுப்புக்கு அரசாங்க வேலைக்குப் போனதால் வரவில்லை என்று அரசாங்கத்திடமே கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இதை வாயால் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள், அந்த ஒன்பது நாளும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரீட்சை எழுத்தில் முதல் தடவை தவறியது. கட்டுரையில் பேச்சு வினையும் எழுத்து வினையும் கலந்து எழுதிவிட்டேன், பாதி யனவா, பாதி யமி, பதற்றத்தில் பஸ் சிங்களம் வந்து ஏறிக்கொண்டது. பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கு. பிறகு திரும்ப விண்ணப்பம், திரும்பக் கையெழுத்து, திரும்பக் காத்திருப்பு. பரீட்சை கிழமை நாளில் வந்ததால் கடமை லீவு கேட்டேன், அதற்கு ஏற்பாடில்லை என்றார்கள், சொந்த லீவில் போனேன். இரண்டாம் தடவை சரி.

வாய்மொழிப் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. பதுளையிலிருந்து வரும் இரவுத் தபால் ரயிலில் அட்டனில் ஏறினேன், மூன்றாம் வகுப்பு, கதவுப் பக்கம். நித்திரை இல்லாமல் 'மமத... நம்...' என்று வாய்க்குள் மனனம் பண்ணிக்கொண்டே போனதைப் பார்த்து எதிரே இருந்த சிங்கள அம்மா ஒருவர் ஏதோ வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் போத்தலை நீட்டினார். பேச்சுக் கொடுத்தேன். பேராதனையிலிருந்து கோட்டை வரை பேசிக்கொண்டே போனோம், அவருடைய மருமகள், முழங்கால் வலி, இரத்தினபுரிக் காணி வழக்கு எல்லாம். காலையில் பரீட்சை அறையில் பத்து நிமிடம். பெயர் என்ன, ஊர் என்ன, உங்கள் கடமைகளை விவரியுங்கள். ரயிலில் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே பேசவில்லை.

இனி என் பக்கத்து மேசைக்காரரைப் பற்றி. நல்ல மனிதர், வலப்பனைப் பக்கம் ஊர், என்னைவிட மூன்று வருடம் முன்னால் சேவைக்கு வந்தவர். அவர் தமிழ்ச் சான்றிதழ் எடுத்துவிட்டார், அவரும் சனிக்கிழமைகளில் அலைந்து, அவரும் கைக்காசு போட்டு. பைலில் அவர் தமிழ் தெரிந்தவர். நான் பாஸாகும் வரை பைலில் சிங்களம் தெரியாதவள். ஆனால் கவுண்டருக்கு ஒரு தோட்டத்து ஆச்சி வந்து நின்றால் அவர் திரும்பி என்னைத்தான் பார்ப்பார். "நங்கி, பொட்டக் எனவத?" கொஞ்சம் வாறியா.

அவர் படித்த தமிழ் 'தாங்கள் எவ்விடத்தில் வசிக்கிறீர்கள்' என்கிற தமிழ். அதை அவர் அட்சரம் பிசகாமல் கேட்பார், பாவம், நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். ஆச்சி சொல்லும்: "மேட்டு லயத்துலங்கய்யா, மொதல்ல பணிய லயத்துல இருந்தோம், மவன் கொழும்பு போனதுக்கு அப்பறம் இஸ்தோப்பு எறக்கி கடக்குட்டி கூட இருக்கேன்." எந்தப் பாடப்புத்தகத்தில் இது இருக்கிறது? அவருக்கு ஏட்டுத் தமிழைக் கொடுத்துத் தோட்டத்துத் தமிழுக்கு முன்னால் நிறுத்தினார்கள். எனக்குத் தெருச் சிங்களம் இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்காமல் ஏட்டுச் சிங்களம் கேட்டார்கள். எனக்காவது கடிதம் எழுத அது உதவுகிறது, உண்மையைச் சொன்னால் நன்றாகவே உதவுகிறது. அவருக்கு அந்தச் சான்றிதழ் பைலில் இருக்கிறது, அவ்வளவுதான். இது அவருடைய பிழை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

போன மாதம் வந்த ஆச்சிக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயரில் ஒரு எழுத்துப் பிசகு. அடையாள அட்டையில் ஒரு மாதிரி, சேமலாப நிதிக் கடிதத்தில் இன்னொரு மாதிரி. அறுபது எழுபது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதியிருக்கிறார், நெடில் ஒன்று குறிலாகிவிட்டது, அந்த ஒரு எழுத்தில் ஆச்சியின் காசு நிற்கிறது. நான் திருத்த விண்ணப்பத்தைச் சிங்களத்தில் நிரப்பி, காரணத்தை நாலு வரியில் எழுதி, யமி யமு எல்லாம் சரிபார்த்து, வாசித்துத் தமிழில் சொல்லி, கையெழுத்துப் போட இடம் காட்டினேன். ஆச்சி சேலைத் தலைப்பை அவிழ்த்து மடித்து மடித்து வைத்திருந்த நூறு ரூபாவை எடுத்து மேசையில் வைத்தது. வேண்டாம் ஆச்சி, நான் இங்கே வேலை செய்கிறேன் என்றேன். "வெளிய இருக்கவருக்கும் குடுக்குறது தானே புள்ள, வச்சுக்க" என்றது. திருப்பிக் கையில் திணித்து அனுப்புவதற்குள் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் ஒபிஸ் மேல்மாடியில் ஒரு கூட்ட மண்டபம் இருக்கிறது. மாதத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும், கதிரை நூறு, பலகை ஒன்று, மல்டிமீடியாகூட உண்டு. கிழமைக்கு இரண்டு தடவை இரண்டு மணித்தியாலம், பக்கத்து ஒபிஸ்களையும் சேர்த்து, நான் அவர்களுக்குத் தோட்டத்துத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், அவர்கள் எங்களுக்குக் கடிதச் சிங்களம் சொல்லிக் கொடுக்கட்டும், கடைசியில் பரீட்சைக்கு ஆளை அனுப்புங்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். நல்ல யோசனை, எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், சிங்களத்தில்தான். அதில் ணகர னகரப் பிழை இரண்டு இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

என் சான்றிதழின் உண்மைப் பிரதி தனிப்பட்ட கோவைக்குப் போய்விட்டது. தாபனக் கிளை அக்கா அதைக் கையில் வாங்கி, "ஹரி, தென் ஒயாட்ட சிங்ஹல புளுவன்" என்றார். சரி, இப்போது உனக்குச் சிங்களம் தெரியும். இரண்டு வருடம் முன் என் கடிதத்தைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

போன கிழமை மஸ்கெலியாவிலிருந்து புதிதாக வந்திருக்கிற தம்பி ஒருவன் என் மேசைக்கு வந்தான். கையில் அதே கடிதம், அதே வசனம், திகதி மட்டும் வேறு. அக்கா, உங்களிடம் நோட்ஸ் இருக்கிறதாமே என்றான். பைலோடு கொடுத்தேன், அடுப்படிச் சுவரிலிருந்து கழற்றிய கலண்டரையும் சேர்த்து. மாவுக் கறை ஒன்று இருக்கிறது, வாசிக்கலாம். முதல் பஸ்ஸையே பிடி, இரண்டாவதில் போனால் அட்டனில் கண்டி பஸ் தவறிவிடும் என்றேன். ரொட்டி நாலாக எடுத்துக்கொள், இரண்டு போதாது. அப்புறம் கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்துவார்கள், என்ன குளிராக இருந்தாலும் இறங்காதே தம்பி, திரும்பி வந்தால் சீட் இருக்காது.